இட்லிக்கென்று செய்த பாய்லர்

புனே, நீதித்துறை நடுவர் முன்னிலையில் 2004ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பதிவு செய்யப்பட்ட சாட்சி வாக்குமூலம்.

பெயர்: பாமா. கணவர் பெயர்: சுப்ரமணியன். வயது: ஐம்பத்திரண்டு. தொழில்: பள்ளி ஆசிரியை, எட்டாம் வகுப்பு அறிவியல். சொந்த ஊர்: கோபிச்செட்டிபாளையம். தற்போதைய இருப்பிடம்: வாகட், தரைத்தள வீடு.

எனக்கு இந்தியும் மராத்தியும் பேச வரும். ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் தமிழில் நடந்ததால் தமிழிலேயே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். நீதிமன்றம் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் கோவிந்தராஜன் நான் சொல்வதை எழுதிக்கொள்கிறார். யாராவது வற்புறுத்தி அனுப்பினார்களா என்று நடுவர் கேட்டார். வற்புறுத்தியிருந்தால் இதைச் சொல்ல வந்திருக்கமாட்டேன் என்றேன். கணவர் என்னிடம் தனியாகப் பேசியதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் நடுவர் விளக்கினார். அதனால் கண்ணால் பார்த்ததையும், மூன்றாவது ஆள் இருக்கும்போது பேசியதையும், நானே பேசியதையும் மட்டும் சொல்கிறேன். அதுவே போதும்.

என் கணவர் ஆஸ்பத்திரியில் படுத்தபடி போலீசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். பாய்லரைச் செய்துகொடுத்த முகமது ரஃபீக் சாராயம் காய்ச்சுவதில் தனக்குக் கூட்டாளி என்றும், ரஃபீக் வைத்த வெல்டிங் விட்டுப்போனதால்தான் பாய்லர் வெடித்தது என்றும் அதில் இருக்கிறது. அதன் பேரில் ரஃபீக் இப்போது காவலில் இருக்கிறார். இரண்டுமே பொய். அதைச் சொல்லத்தான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

என் கணவர் கட்கியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் பிரிவில் வேலை பார்த்தார். விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். அவருக்கு ஓய்வு கிடைத்த நாள் முதல் எனக்கு ஓய்வு இல்லாமல் போயிற்று. முதலில் படுக்கையறையில் வைக்கோலைப் பரப்பிக் காளான் வளர்த்தார். அதன் பிறகு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கப் போனார். எங்கள் வீட்டில் ஒன்று, என் தங்கை வீட்டில் ஒன்று, அத்தோடு அந்த வியாபாரம் நின்றது. அதன் பிறகு இந்தக் கோடையில் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ராகியை ஊறவைத்து முளைகட்ட ஆரம்பித்தார். சத்துமாவாக்கும் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டதுகூட உண்டு. முளைகட்டிய ராகியைக் காயவைத்து, அரைத்து, கூழாக்கிப் புளிக்கவைத்து, என் கல்யாணத்துக்குச் சீராக வந்த அண்டாவில் போட்டுக் காய்ச்சியபோதுதான் அது சத்துமாவு இல்லை என்று தெரிந்தது.

லைசென்ஸ் இல்லாமல் இப்படிக் காய்ச்சுவது குற்றம் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொன்னேன். தொண்டை வறளச் சொன்னேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அதற்குத் தண்டனை உண்டென்றால் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். விற்றாரா என்று கேட்டார்கள். பழைய தொழிற்சாலை ஸ்நேகிதர்கள் வந்து ருசி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனதைத்தான் நான் பார்த்தேன். கூழை நேராக அடுப்பில் வைத்ததால் அடிப்பிடித்து, வடித்ததெல்லாம் தீய்ந்த வாடை அடித்தது. தனியாக ஒரு டிரம்மில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைக் குழாய் வழியாகக் கூழுக்குள் விட்டால் அடிப்பிடிக்காது என்று ஒரு ஸ்நேகிதர் என் எதிரிலேயே யோசனை சொன்னார். அந்த நல்லவர் பெயர் எனக்குத் தெரியாது.

அதன் பிறகுதான் ரஃபீக் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரஃபீக் வாணியம்பாடிக்காரர். காளேவாடியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். ஹோட்டல்களுக்கு இட்லி வேகவைக்கும் பாய்லர் செய்துகொடுப்பதுதான் அவர் தொழில். நான் டீ கொண்டுவந்து வைத்தபோது என் கணவர் அவரிடம் சொன்னது இது: "ஐ.டி. பசங்களுக்கு இட்லி போடலாம்னு இருக்கறேன் ரஃபீக். நம்மூர்ப் பசங்க வாகட்ல எத்தனை பேரு, காலைல வடா பாவ் தின்னு வயித்தக் கெடுத்துக்கறாங்க." அதற்கு ரஃபீக், "நல்ல யோசனை சார். டீச்சர் மாவு ஆட்டினா ஹிஞ்சவாடி பூரா இங்கதான் வந்து நிக்கும்," என்றார். நான் அங்கேதான் நின்றேன். டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பத்து நாளுக்குள் ரஃபீக் பாய்லரைக் கொண்டுவந்து இறக்கினார். எவர்சில்வர் டிரம், மேலே ரப்பர் வாஷர் வைத்து நான்கு கொக்கியால் இறுக்கும் மூடி, பக்கத்தில் ஆவி போகும் குழாய், மூடியின் நடுவில் சிறு குழாயும் அதன் மேல் குக்கருக்குப் போடுகிற மாதிரி ஒரு குண்டும். ஆவி அதிகமானால் குண்டைத் தூக்கிக்கொண்டு விசில் வரும். என் கணவர் அவரை உடனே அனுப்பிவிடப் பார்த்தார். ரஃபீக் போகவில்லை. "இட்லி வெச்சுப் பாக்காம நான் பாய்லரை ஒப்படைக்கறதில்ல சார். என் வழக்கம் அது," என்றார். வேறு வழியில்லாமல் என்னிடம் மாவு இருக்கிறதா என்று கேட்டார் என் கணவர். இருந்தது. ரஃபீக் கூடவே கொண்டுவந்திருந்த இட்லிப் பெட்டியில் குழாயைப் பொருத்தினார். நான் ஊற்றினேன்.

முப்பது வருடமாக இட்லி ஊற்றுகிறேன், அவ்வளவு மெத்தென்ற இட்லி எனக்கு வந்ததில்லை. ரஃபீக் நின்றபடியே எட்டு இட்லி சாப்பிட்டார். என் கணவரும் சாப்பிட்டார். அந்த பாய்லரில் இட்லி வெந்தது அன்று ஒரு நாள்தான்.

சாப்பிட்டு முடித்த பிறகு ரஃபீக் பாய்லரைப் பற்றிச் சொல்லவேண்டியதை என்னிடம் சொன்னார். இட்லி என்றால் நான்தானே அடுப்பில் நிற்கப்போகிறேன், அதனால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "விசில் குழாய மட்டும் தினம் ஊதிப் பாத்துட்டு மூடுங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாததா." என் கணவர் அப்போது வாசலில், பாய்லரை ஏற்றிவந்த வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாதது இல்லைதான். குக்கர் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஊதிப் பார்த்து, அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்திவிடாமல் நான் ஒரு நாளும் அடுப்பில் ஏற்றியதில்லை. என் கணவர் ஒரு நாளும் குக்கர் வைத்ததில்லை. அவருக்கு அதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடச் சொல்லிக்கொடுப்பது போல அது.

ரஃபீக் கிளம்பும்போது அவர் வீட்டுக்காரிக்கு என்று ஒரு டப்பாவில் இட்லியும் சட்னியும் வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அன்று மதியமே இட்லிப் பெட்டி பரணுக்குப் போயிற்று. குழாயின் முனையை ராகிக் கூழ் இருந்த அண்டாவின் அடிவரை விட்டார் என் கணவர். ரஃபீக்குக்கு இது எதுவும் தெரியாது.

ரஃபீக்குக்குத் தெரியாது என்று நான் வாயால் சொல்வதை நம்பவேண்டாம். சந்துரு என்ற பையனைக் கேளுங்கள். எதிர்க் கட்டடத்தில் குடியிருக்கிறான், சேலத்துக்காரன், ஹிஞ்சவாடியில் ஒரு கம்பெனியில் வேலை. பாய்லர் வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகையில் பாய்லர் எரிந்துகொண்டிருக்கும்போது கதவைத் தட்டினான். "ஆன்ட்டி, ரஃபீக் பாய் சொன்னாரு, இங்க இட்லி கிடைக்கும்னு. எங்க ஃப்ளாட்ல ஆறு பேர் இருக்கோம். எப்ப ஸ்டார்ட் பண்றீங்க?" என்றான். அந்த நேரம் பார்த்துப் பின்னால் விசில் வந்தது. "வேகுது போலயே ஆன்ட்டி," என்று சிரித்தான். சாராயத்தில் கூட்டாளியாக இருப்பவன் காய்ச்சுகிற வீட்டுக்கு ஆள் அனுப்பி இட்லி வாங்கிக்கொள் என்று சொல்வானா? இந்தக் கேள்வியை போலீஸ் ஸ்டேஷனிலும் கேட்டேன்.

சந்துருவின் குரலைக் கேட்டதும் என் கணவர் அவசரமாக அடுப்பை அணைத்துவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்தார். "அடுத்த வாரம்ப்பா, அடுத்த வாரம்," என்று அவனிடம் சொன்னார். அவன் உடனே போகிறவனாக இல்லை. ஊர்ப் பேச்சுக் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் கிளம்பியபோது கொட்டகையில் எல்லாம் ஆறிப்போயிருந்தது.

இறுக மூடிய பாத்திரம் சூடு ஆறினால் உள்ளே இருக்கும் ஆவி தண்ணீராகிவிடும், வெற்றிடம் உண்டாகும், குழாயின் மறுமுனையில் என்ன இருக்கிறதோ அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுமுனையில் இட்லிப் பெட்டி இருந்திருந்தால் காற்றைத்தான் இழுத்திருக்கும். அங்கே இருந்தது ராகிக் கூழ். வருடா வருடம் வகுப்பில் நான் நடத்துகிற பாடம்தான் இது. அன்று எனக்கு அது ஞாபகம் வரவில்லை. நான் சந்துருவுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் கணவர் பாய்லரைத் திறந்து பார்க்காமல் அப்படியே அடுப்பை மூட்டினார். நான் சமையலறையில் இருந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புடவை கட்டி முடித்தேன், டிபன் பாக்ஸ் கட்டினேன், விசில் வரவில்லை. அடுப்பு எரிகிற வீட்டில் விசில் வரவில்லை என்றால் எனக்கு வேறு வேலை ஓடாது. "என்னங்க, விசிலே வரலையே? அணைங்க முதல்ல," என்று கத்தினேன். அவர் ஒரு பதில் சொன்னார். தனியாகச் சொன்னதைச் சொல்லவேண்டாம் என்பதால் அதை விடுகிறேன். அதன் பிறகு நான் கொட்டகைப் பக்கம் இரண்டடி வைப்பதற்குள் வெடித்தது.

மூடி தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அவருக்கு முகம், மார்பு, வலது கை எல்லாம் வெந்துவிட்டது. தண்ணீரை எடுத்து ஊற்றினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த சந்துருதான் ஆட்டோ பிடித்து எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவர் வலியில் என் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் படுகிற வேதனை எனக்குத் தெரியும். தினமும் கட்டு மாற்றும்போது நான்தான் பக்கத்தில் நிற்கிறேன். அவர்மேல் எனக்கு ஆத்திரமும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

அன்று சாயங்காலம் போலீஸ் வந்து கொட்டகையைப் பார்த்துப் பஞ்சநாமா எழுதியபோது பாய்லரை நானும் பார்த்தேன். டிரம் வைத்த இடத்திலேயே நின்றது. வெல்டிங் வைத்த இடம் மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. மூடியை இறுக்கிய கொக்கிகள்தான் வளைந்து பிய்ந்திருந்தன. தண்ணீர் மட்டுமே இருக்கவேண்டிய டிரம்மின் உட்புறம் பூராவும் ராகி வெந்து களியாக ஒட்டியிருந்தது. ஆவிக் குழாயிலும் களி. கூரைக்கு வெளியே கிடந்த மூடியை எடுத்து, பழக்க தோஷம், வெளிச்சத்தில் பிடித்து ஊதினேன். காற்று போகவில்லை. அந்த மூடியும் டிரம்மும் இப்போது போலீஸ் வசம் இருக்கின்றன. தெரிந்தவர் யாரையாவது வைத்துப் பரிசோதியுங்கள். ஒரு ஈர்க்குச்சி போதும்.

ரஃபீக்கைப் பிடித்துக்கொண்டு போனது எனக்கு உடனே தெரியாது. அவர் மனைவி வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. நான் கொடுத்தனுப்பிய டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். திறந்து பார்த்தேன், வெறும் டப்பாவாகத் தரக்கூடாது என்று உள்ளே ஒரு கை சர்க்கரை போட்டிருந்தார். புருஷனைக் காவலில் வைத்திருக்கும் நேரத்தில் அந்த அம்மாவுக்கு அது தோன்றியிருக்கிறது. "இட்லி நல்லா இருந்துச்சு டீச்சர்," என்றார். அதன் பிறகு, "சார் பெரிய எடத்துல வேல பாத்தவரு. சார் ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க. கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க," என்றார். சார் ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. சரி, சொல்லச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். மறுநாள்தான் இன்ஸ்பெக்டர் அந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். அந்தச் சர்க்கரையை இன்னும் டப்பாவை விட்டு எடுக்கவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் என் கணவர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். அது தனியாகப் பேசியது, சொல்லமாட்டேன். நான் செய்யவில்லை என்பது இந்த வாக்குமூலத்தைப் படித்தாலே தெரியும்.

மேலே உள்ளதை கோவிந்தராஜன் எனக்கு முழுக்கப் படித்துக் காட்டினார். இட்லி வியாபாரம் என்று ரஃபீக்கை நம்பவைத்தவர் என் கணவர் என்று மட்டும் எழுதியிருந்தது. பக்கத்தில் நின்று மாவு ஊற்றியது நான் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இதனால் என் கணவருக்கு என்ன ஆகும் என்பதை நடுவர் சொல்லக் கேட்டு, புரிந்துகொண்டு, கையெழுத்திடுகிறேன்.

சீக்கிரம் விட்டால் நல்லது. அவருக்கு மதியக் கஞ்சி கொண்டுபோகவேண்டும். கை கட்டுப் போட்டிருப்பதால் நான்தான் ஊட்டவேண்டும்.

(ஒப்பம்)
பாமா சுப்ரமணியன்