தஹிதிக் கோழி, புளியில்லாமல்

ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர், கரகரத்த குரலில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "நேத்திலேருந்து என் சம்சாரம் பேசல. கோவம் இல்லீங்க, தொண்டை அரிப்பு."

"ஏன்?"

"தஹிதித் தீவுல சாப்ட்ட கோழின்னு, சேப்பங்கிழங்கு எலையும் தேங்காப்பாலும் போட்டு நானே ஆக்கினேன். எலை அரிக்கும், புளி ஊத்துங்கன்னு அவ சொன்னா. பட்டாளத்துக்கே சமைச்சவனுக்குச் சொல்லித் தர்றியான்னேன்."

"அங்க நீங்கதான் சமையலா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெங்காயம் உரிச்சேன். அது மட்டும் அவகிட்ட சொன்னதில்ல. காலையில ஸ்லேட்டுல எழுதிக் காட்டுறா."

"என்னன்னு?"

"'வெங்காயம் மட்டும் நல்லா உரிச்சிருந்தீங்க'ன்னு."