பக்ராஸ் கோட்டையை விட்டு வந்தவர்கள்

— அப்பிடியெண்டா அவங்களுக்கு மன்னிப்பே இல்லை, யாழ். கோட்டையை விட்டுட்டு ஓடினவனுக்கு என்ன விசாரணை வேண்டிக் கிடக்கு? அந்தச் சுத்தியலை எடு.

— முழுக்கக் கேளுங்கோ அப்பா. என்ரை மாஸ்டர் ஆய்விலை இதுதான் கடைசி அத்தியாயம்.

— கேக்கிறன்தானே. ஆணி அடிச்சுக்கொண்டும் கேக்கலாம். நாளைக்கு மாவீரர் நாள். மண்டபத்துக்கு ஒரு படம், வீட்டுக்கு ஒரு படம். கொண்ணன்ரை முகம் நேரா இருக்கோ பார்.

— நேராத்தான் இருக்கு. அந்தியோக்கியாவுக்குப் பக்கத்திலை, மலையிலை ஒரு கோட்டை. பக்ராஸ் எண்டு பேர். அதை வைச்சிருந்தது டெம்ப்ளர் எண்ட சிலுவைப்போர் வீரர். துறவியள் மாதிரி விரதம் எடுத்தவை, ஆனா வாள் பிடிக்கிறவை. சுத்துவட்டாரத்திலை வரி, வழக்கு, காவல் எல்லாம் அவைதான்.

— எங்கடை ஆக்களும் அப்பிடித்தானே? நீதிமன்றம், காவல்துறை, வங்கி. சமாதான நேரம் கிளிநொச்சியிலை நீயே பாத்தனி. விளங்குதோ, அது அரசு!

— ஓம், பாத்தனான். ஆனா அந்தக் கோட்டையளுக்குள்ளை எப்பவும் ஆள் காணாது. குதிரை, இரும்பு, பெடியள், எல்லாம் ஐரோப்பாவிலை இருந்து போகோணும். போறது வரவரக் குறைஞ்சிட்டுது. சுத்தியிருந்த ஊர்ச்சனம் உழுது குடுத்த தானியத்திலைதான் சீவியம். அந்தச் சனத்திட்டை ஆரும் ஒண்டும் கேக்கேல்லை, இக்கெ சான்ட், அப்பிடித்தானே?

— உந்த நோர்வேஜியனை விட்டுட்டுச் சொல்லு.

— எகிப்து சுல்தான் அந்தியோக்கியாவைப் பிடிச்சிட்டார். அடுத்தது பக்ராஸ் எண்டு எல்லாருக்கும் தெரியும். உள்ளுக்கை கொஞ்சப் பேர், சாப்பாடும் மட்டுமட்டு. ஒருநாள் மற்றவை சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை ஒருத்தன் குதிரையிலை ஏறிப்போய்க் கோட்டைக் கதவுத் திறப்பைச் சுல்தானிட்டைக் குடுத்திட்டான்.

— துரோகி! எல்லாக் காலத்திலையும் ஒருத்தன் இருப்பான்.

— மிச்ச ஆக்கள், இனி நிண்டுபிடிக்கேலாது எண்டு வெளிக்கிட்டினம். மேலிடத்தைக் கேக்கேல்லை. உயிரோடை தங்கடை ஆக்களிட்டை வந்து சேந்தினம். அவையை விசாரிக்கச் சபை கூடினது. உத்தரவில்லாமல் கோட்டையை விட்டவனை, அங்கியைக் கழட்டி வெளியிலை அனுப்போணும். அதுதான் சட்டம்.

— சரியான சட்டம்.

— நீங்கள் அந்தச் சபையிலை இருந்தா என்ன சொல்லியிருப்பியள்?

— வேறை என்னத்தைச் சொல்லுறது? அத்தினை பேர் செத்த மண்ணிலை இருந்து தன்ரை உயிரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவன் ஆருடைய முகத்திலை முழிப்பான்?

— கோட்டையை விடாதையுங்கோ எண்டு ஆர் கத்தினது தெரியுமோ? ஐரோப்பாவிலை நெருப்புக் காய்ஞ்சுகொண்டு இருந்தவை.

— என்னைத்தானே சொல்லுறாய்? நான் குளிருக்கை நிண்டு கத்தினனான், பிள்ளை. கடைசிச் சண்டை நடந்த ஏப்ரல் முழுக்க, இஞ்சைப் பாராளுமன்றத்துக்கு முன்னாலை. ஒரு வெள்ளையன் திரும்பிப் பாக்கேல்லை. விளங்குதோ?

— சமாதான நேரம் நாங்கள் எல்லாரும் ஊருக்குப் போன இடத்திலை, அண்ணா அங்கை நிக்கப்போறன் எண்டு சொல்லேக்கை, வா வீட்டை போவம் எண்டு நீங்கள் சொல்லேல்லை.

— சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். இஞ்சை குரோருட்டிலை எத்தினை பெடியள், கார் வாங்கி வீடு வாங்கிக்கொண்டு திரியிறாங்கள். என்ரை தர்மிகன் ஒருத்தன்தான் நிண்டவன். தப்பி வந்த சனம் சொல்லிச்சுது, மார்ச்சிலை புதுக்குடியிருப்பிலை முன்னுக்கு நிண்டவன் எண்டு. அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை.

— உடம்பை ஆரும் காணேல்லை, அப்பா.

— காணத் தேவையில்லை. நான் அழவேண்டியதை அழுது முடிச்சிட்டன்.

— சபை என்ன முடிவெடுத்தது எண்டு நீங்கள் கேக்கவே இல்லை. அவையின்ரை தலைவர் ஏற்கெனவே, விட்டுட்டு வாங்கோ எண்டு ஆள் அனுப்பியிருக்கிறார். அந்தச் செய்தி இவைக்குக் கிடைக்கேல்லை. ஆனபடியால் துரத்தேல்லை. ஒரு வருசம் நிலத்திலை இருந்து சாப்பிடோணும் எண்டு தண்டனை. பிறகு திரும்பச் சேத்துக்கொண்டவை.

— அதாலைதான் அவங்கடை நாடு அழிஞ்சது.

— அண்ணாவும் அப்பிடி வந்திருந்தா? உடுப்பை மாத்தி, சனத்தோடை சனமா, கழுத்தளவு தண்ணிக்குள்ளாலை நடந்து...

— வாயை மூடு! படத்துக்கு முன்னாலை நிண்டு கதைக்கிற கதையோ இது?

— வந்திருந்தா, அப்பா?

— வந்திருந்தா அவன் என்ரை பிள்ளையில்லை. இந்த வாசல் மிதிக்க விடமாட்டன். போதுமோ? போ, கொம்மாவுக்கு ஃபோன் எடு. வேலையாலை இன்னும் காணேல்லை.

— அம்மா இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை அப்பா, எயார்போட்டுக்குப் போனவ. இப்ப கீழை ரெயின் ஸ்டேஷனிலை அண்ணாவோடை நிக்கிறா. வீட்டை வரலாமோ எண்டு உங்களிட்டைக் கேட்டுச் சொல்லச் சொன்னவர்.