மேற்கு மூலை

யுத்த காலத்தில் செம்மேட்டில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். பின்னால் ஒரு பெண் தன் கணவனிடம் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல நம்ம பொண்ண மேக்கு மூலையில உக்கார வெக்கலீங்களே?"

"இல்ல."

"எங்கண்ணன் அங்கதானுங்க வாந்திபேதியில செத்தாரு."

"பள்ளிக்கூடமாத்தான் கட்டுனாங்க. வாந்திபேதி வந்தப்ப ஆஸ்பத்திரி ஆச்சு. அப்புறம் ராகி மூட்டை அடுக்குனாங்க. இப்பச் சுண்ணாம்பு அடிச்சு மறுபடியும் பள்ளிக்கூடம் ஆக்கிட்டாங்கல்ல?"

"சுண்ணாம்பு அடிச்சா எல்லாம் போயிருமுங்களா?"

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை.

"உம்பயத்த வாத்தியார்கிட்டச் சொன்னேன். அவரு நாற்காலியத் தூக்கிட்டுப் போயி அந்த மூலையில போட்டு, அவரே உக்காந்துக்கிட்டாரு."

அவள் காலி டின்னை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அவருக்குக் கொழந்தகுட்டி இருக்குதுங்களா?"