மனைவிக்கு ஒரு சொல்

கரண்டிக்குப் பொதுவான ஒரு சொல் கண்டுபிடிப்பது நீங்கள் நினைப்பதுபோல லேசான காரியம் இல்லை. ஜெர்மனும் டச்சும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சுவீடிஷும் டேனிஷும் நார்வேஜியனும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆங்கிலம் எதிலும் சேராத தனிக்கட்டை. ஆறும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். பங்காளிகளாகிப் பேச்சுவார்த்தை அறுந்துபோனது. ஆறு பேருக்கும் பாதியாவது புரிகிற ஒரு பொது மொழியை நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம். நாங்கள் என்றால் ஆளுக்கொரு ஊரில் இருக்கிற ஒரு சின்னக் குழு. கணினியில் கூடுவோம், சண்டை போடுவோம், கை தூக்கி ஓட்டுப் போடுவோம். நான்கு மொழிகளிலாவது ஏதோ ஓர் உருவத்தில் இருக்கிற சொல் உள்ளே வரும். இல்லாவிட்டால் விவாதம். விவாதம் முடியும்வரை அந்த இடத்தில் எந்தச் சொல்லையும் யாரும் புழங்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதியவன் நான்தான். விசாரணைக்கு உதவும் என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிழைப்புக்கு நான் பார்த்த வேலை வேறு. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களைத் திரும்பப் பேசவைப்பது. மருத்துவமனையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாயசைவைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடி, படம் போட்ட அட்டைகள், உதட்டில் தடவ ஐஸ் குச்சி. சரியாகச் சொன்னால் தலையசைப்பேன். தப்பாகச் சொன்னால் விரலால் மேசையில் ஒரு தட்டு. பயிற்சி நேரத்தில் குடும்பத்தார் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த அறையில் எத்தனையோ பேரைப் பேசவைத்திருக்கிறேன். அதைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என் அண்ணன் ஏலம் விடுபவர். மூடிய கடைகளின் சரக்கு, பழைய மரச்சாமான். அவர் வாயைத் திறந்தால் கால் உடைந்த நாற்காலிக்கும் நாலு பேர் அடித்துக்கொள்வார்கள். வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடும்போது என் மொழிதான் அவருக்குத் தொட்டுக்கொள்ள.

“ஆளே இல்லாத ஊருக்கு என் தம்பி பஸ் விடறான். டிரைவரும் அவனே, கண்டக்டரும் அவனே. டேய், ஒருத்தராவது ஏறினா சொல்லுடா.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதை மனதில் வைத்துப் பழி தீர்த்துக்கொண்டேன் என்று நினைக்கிறீர்கள். தவறு. அவர் சொன்னது உண்மை, அதுதான் உறுத்தியது. ஒரு மொழிக்கு அகராதி மட்டும் இருந்து பயனில்லை. அதை விட்டால் வேறு கதியில்லாத ஒரு மனிதராவது வேண்டும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் சொந்தமாக ஒரு மொழி இருந்தது. பசித்தால் அதில்தான் பேசினார்கள்.

அண்ணன் ஏல மேடையிலேயே விழுந்தார். உயிர் பிழைத்தது, கைகால் தேறியது, பேச்சு போய்விட்டது. சொந்தக்காரருக்கு நானே பயிற்சி கொடுப்பது சரியா என்று தலைமை மருத்துவர் தயங்கினார். அண்ணிதான் பிடிவாதமாக நின்றார்.

“தம்பியே பாக்கட்டும் டாக்டர். யாரோ பாக்கறதுக்குக் கூடப் பிறந்தவர் பாத்தா ஒரு அக்கறை இருக்கும்.”

அக்கறை இருந்தது. அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

முதல் சில மாதங்கள்தான் முக்கியமானவை. மூளை சொல்லுக்கு ஏங்கி அலைகிற காலம் அது. எதைக் கொடுத்தாலும் பற்றிக்கொள்ளும் என்பது என் கணிப்பு. மற்ற பயிற்சியாளர்கள் போன சொல்லையே தேடிக் கொடுக்கிறார்கள், பழக்கதோஷம். நான் கையைக் காட்டி ‘ஹாந்த்’ என்றேன். கொஞ்சம் உச்சரிப்பு மாறினாலும் ஆறு மொழியிலும் கைக்கு அதுதான் சொல், ஓட்டெடுப்பே தேவைப்படவில்லை. பிறகு ரொட்டி, வீடு, கதவு, உட்கார், தண்ணீர். யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று கேட்கிறீர்கள். மடியில் கிடக்கிற பிள்ளையிடம் எந்தத் தாய் அனுமதி வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுக்கிறாள்?

அண்ணன் வீட்டுக்குப் போன பிறகும் தினமும் பயிற்சிக்கு வந்தார். வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்தேன்.

“நீங்க யாரும் அவர்கிட்டப் பேச்சுக் கொடுக்காதீங்க அண்ணி. ரெண்டு பக்கமும் சொல் வந்தா மூளை குழம்பிடும். டிவி, ரேடியோகூட வேண்டாம்.”

வாயாடிகள் நிறைந்த வீடு வாயைக் கட்டிக்கொண்டது. அண்ணி தட்டை வைப்பார், சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டுவார், அடுப்படிக்குப் போய் அழுவார் என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் அண்ணன் மேசையிலிருந்த டம்ளரைக் காட்டி, “தண்ணி” என்றார். தெளிவாக. நான் மேசையைத் தட்டினேன். மறுபடியும் “தண்ணி” என்றார். தட்டினேன். டம்ளர் என் பக்கம் இருந்தது, அன்று வெயிலும் அதிகம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் ‘வாதர்’ என்றார். உடனே கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். இதைக் கொடுமை என்கிறீர்கள். எந்தப் பயிற்சி அறையிலும் சரியான சொல்லைச் சொன்னால்தான் பொருள் கைக்கு வரும்.

ஆக, அவருடைய சொந்தப் பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. இதைத்தானே என் வாயால் கேட்க இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்? கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த சொற்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். களை எடுக்காமல் விதைத்தால் எதுவும் தேறாது.

பயிற்சி முடிந்து கதவைத் திறந்தால் அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்து வருவார். தினமும் ஒரே கேள்வி.

“இன்னிக்கு ஏதாவது சொன்னாரா தம்பி?”

“உளறல்தான் அண்ணி. போகப் போகச் சரியாயிடும்.”

“என்னை ‘ஏம்மா’ன்னு கூப்பிட்டாப் போதும் தம்பி, வேற ஒண்ணும் பேச வேண்டாம். கல்யாணமான நாள்லேர்ந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ஏம்மாதான்.”

இந்த ஒரு விஷயத்தில் என் கை உண்மையிலேயே கட்டப்பட்டிருந்தது. மனைவிக்கு எங்களிடம் சொல் இல்லை. ஆங்கிலத்தில் ‘வைஃப்’ என்று கௌரவமாக இருக்கிற சொல், ஜெர்மனிலும் டச்சிலும் தேய்ந்து கேவலமாகிவிட்டது. அங்கே பெண்டாட்டியை அப்படிக் கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. குழுவில் மற்றவர்கள் வேறொரு சொல்லுக்காக மல்லுக்கட்டினார்கள். ஓட்டெடுப்பு இழுபறியில் கிடந்தது. முடிவாகாத சொல்லை நானே எப்படிப் புழங்குவது?

ஒருமுறை அவர் கதவைப் பார்த்து “ஏம்மா” என்றார். சத்தமாகவே. வெளியே பெஞ்ச் நகர்கிற ஓசை கேட்டது. நான் இரண்டு முறை தட்டினேன். எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அடுத்த அட்டையைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

“என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே தம்பி?” என்று அண்ணி கேட்டார்.

“பிரமை அண்ணி” என்றேன்.

கண்டுபிடித்தது அண்ணன் மகள். கல்லூரியில் படிக்கிறாள், அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். ஒரு மத்தியானம் நேராக என் அறைக்கே வந்துவிட்டாள்.

“உளறல்னா தினம் ஒரு மாதிரி இருக்கும் சித்தப்பா. அப்பா ரொட்டியைப் பாத்தா தினமும் ஒரே சொல்லைத்தான் சொல்றார். கதவுக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. நேத்து நான் அதைத் திருப்பிச் சொன்னேன். என் கையைப் பிடிச்சவர் விடவே இல்ல. இது என்ன பாஷை?”

ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை, சொன்னேன். பஸ்ஸில் இரண்டாவது ஆளும் ஏறிவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் கத்தவில்லை. “அம்மாகிட்ட வந்து நீங்களே சொல்லுங்க” என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அண்ணி. நான் சொல்லி முடிக்கும்வரை அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மான்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை.”

அண்ணன் வாயைத் திறந்தார். அவர் கண் என் விரலுக்குப் போனது. என் கை சும்மா நாற்காலியின் கைப்பிடியில்தான் இருந்தது. நான் தட்டவில்லை, இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, எங்கள் மொழியில், ஒரு திக்கல் இல்லாமல் பேசினார்:

“கதவருகே உட்காருகிறவளை நான் கூப்பிட வேண்டும். என் சொல்லைக் கொடு.”

“என்ன சொல்றார் தம்பி?” என்றார் அண்ணி.

“முழு வாக்கியம் பேசறார் அண்ணி” என்றேன். அதற்கு மேல் அங்கே என்னைப் பேச விடவில்லை, மகள் கதவைத் திறந்து வெளியே காட்டினாள்.

உங்களுக்கு அது கெஞ்சலாகத் தெரிகிறது. எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. கதவு, உட்கார். நான் தனித்தனியாகக் கொடுத்த இரண்டு சொற்கள். அவற்றை ஒட்டி அவராகவே ஒரு புதுச் சொல் செய்திருந்தார். அந்த ஆறு மொழிகளும் புதுச் சொல்லை அப்படித்தான் செய்யும். யாரும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. மனைவிக்கு இதுவே சொல்லாக இருக்கட்டும் என்று குழுவுக்கு எழுதினேன். அத்தனை பேரும் கை தூக்கினார்கள், ஒரு எதிர்ப்புகூட இல்லை. இத்தனை நாள் இழுபறிக்கு என் அண்ணன் ஒரே மூச்சில் முடிவு கட்டிவிட்டார்.

இப்போது வேறொரு பயிற்சியாளர் வருகிறாராம். பழைய பேச்சு இனிமேல் திரும்புவது சந்தேகம் என்கிறாராம். நீங்கள் எனக்கு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் எழுதுங்கள், என் அண்ணனிடம் பேசத் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அவர் அன்று ஜன்னலோரம் எங்கள் மொழியில் கூப்பிட்டது தன்னைத்தான் என்று அண்ணிக்கு இன்னும் தெரியாது. என்னிடம் வந்து அந்த மொழியைக் கற்றுக்கொண்டால் தெரிந்துவிடும். சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.