பதினான்காம் நிமிடத்தில் இறங்கிய சத்தம்

கம்ப்யூட்டர் பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் ஏர் கூலரை இந்த உலகத்தில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவன், இன்றைய தேதிவரை, நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக்காரர்கள் இருபத்திரண்டு டிகிரி ஏசி அறையில் வைத்துச் சோதிக்கிறார்கள். அந்தக் குளிரில் கூலரே வேண்டாம், பெட்டியைத் திறந்து வைத்தால் போதும். நம் யூடியூப்காரர்கள் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பாசத்தோடு வாசித்துக் காட்டுகிறார்கள். நான் தூத்துக்குடி திரேஸ்புரத்தில், முப்பத்தைந்து டிகிரியில், உப்புக்காற்று கதவுக் கொண்டியையே தின்றுவிட்ட ஓர் அறையில் சோதிக்கிறேன். என் எண்கள் பொய் சொல்வதில்லை.

தமீம் காக்கா, உங்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற மரியாதையில்தான் காக்கா என்கிறேன். நீங்கள் காயல்பட்டினத்துக்காரர் என்றும் ஷார்ஜாவில் ஏசி வேலை பார்ப்பதாகவும் உங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறது. என் கூலர் சோதனை வீடியோவுக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு கமெண்டுகளில் கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் நெருப்புப் படம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் எழுதியிருந்தது: 'தம்பி, பதினாலாவது நிமிஷத்துல சத்தம் ஒம்பது டெசிபல் இறங்குது. ஃபேன் வேகம் மாறவே இல்லை. எப்படி? பத்தொம்பதாவது நிமிஷத்துல மூணு முள்ளு மாதிரி நிக்குதே, அது என்ன?'

மூன்று நாளாக இதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். ஆனாலும் கேள்வி நியாயமானது. பதில் சொல்லாமல் விடுவது என் வழக்கமில்லை.

'நம்பர் திருடர்கள்' என்று நான் ஒரு தொடர் போட்டேன், பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவர் தன் வரைபடத்தில் நாலு நிமிடத்தைக் கத்தரித்துவிட்டு, கேட்டவனுக்கு 'வெளிச்சத்தம் ப்ரோ, கவனித்ததற்கு நன்றி' என்று பதில் போட்டிருந்தார். அந்த ஒரு வரியை வைத்து அரை மணி நேரம் நிகழ்ச்சி நடத்தினேன். எங்கள் காலேஜில் அது பழமொழியாகிவிட்டது. வகுப்புக்கு ஏன் லேட் என்று கேட்டால் 'வெளிச்சத்தம் சார்' என்பார்கள். அரியர் வைத்தாலும் வெளிச்சத்தம்தான்.

முதலில் கூலர். இரட்டைக் கோபுரம், ஏழு செம்புக் குழாய், உள்ளங்கை இரண்டு அகலத்தில் இரண்டு ஃபேன். எடை ஒன்றரைக் கிலோ, ஒரு சுமாரான சீலா மீன். மாட்டியபிறகு கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவை மூட முடியவில்லை. ஓர் ஆன்லைன் கடை நான்கு நாள் இரவலாக அனுப்பியிருந்தது. வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கூரியர்காரர் வந்து திரும்ப எடுத்துப் போவார். போனால் போனதுதான்.

சோதனை எளிது. பிராசஸரை முழு வேகத்தில் முப்பது நிமிடம் ஓடவிட வேண்டும். சூடு ஏறி ஏறி ஓர் இடத்தில் நின்று நேர்கோடாகும். அந்தக் கோடுதான் தீர்ப்பு. நடுவில் நின்றால் எல்லாம் ஆறி, கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவில் தடவிய பசையைத் துடைத்து, மறுபடி பூட்டித் தொடங்க இரண்டு மணி நேரம் ஆகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வேறு எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது வீடு. இது என் அக்கா ஜெபமாலையின் வீடு. அவள் இறால் கம்பெனியில் வேலை செய்கிறாள். காலை ஏழுக்குப் போனால் மாலை நாலுக்கு வருவாள். காலேஜ் பக்கம் என்பதால் நான் அவளோடு இருக்கிறேன். அவள் கணவர் பர்னபாஸ், என் மச்சான், சங்கு குளித்தவர். படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு இருபது வருஷம் கடலுக்கு அடியில் நடந்தார். அந்தக் காற்றில் டீசல் புகையும் கலந்திருந்தது. நாற்பத்துமூன்று வயதில் நுரையீரல் பழைய வலை மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இரண்டு வருஷமாகக் கட்டில்தான்.

அவருக்கு ஓர் ஆக்சிஜன் மிஷின் உண்டு. சின்ன பீரோ உயரம். கரண்டில் ஓடும். அது என் அறையில் இருந்தது. இன்வெர்ட்டர் இணைப்புள்ள ஒரே பிளக் பாயின்ட் என் அறையில்தான். மிஷினிலிருந்து ஒரு பச்சைக் குழாய் என் மேஜைக்கு அடியில் ஓடி, கதவுக்குக் கீழே நுழைந்து, குசினியைத் தாண்டி, உள்ளறையில் மச்சான் மூக்கில் போய் முடியும். நாள் முழுக்க மிஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். டெசிபல் மீட்டரில் நாற்பத்துநாலு. என் சத்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் இந்த நாற்பத்துநாலு ஈரத்துணி மாதிரி மேலே கிடக்கும். அதையும் மறைக்காமல் போடுவேன்.

"ஏலே மாப்ள," என்பார் மச்சான் உள்ளேயிருந்து, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று. "அந்தப் பொட்டிக்கு மூச்சு முட்டுதான்னு பாக்கதுக்கு ரெண்டு காத்தாடி வச்சிருக்க. எனக்கு ஒண்ணுதாம்ல."

"உங்க மாடல் பழசு மச்சான். அதுக்கு ரெண்டு மாட்ட எடமில்ல."

சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அக்கா என்னைத் திட்டுவாள்.

அக்கா எனக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். "கரண்டு போனா மொதல்ல ஒன் பொட்டிய அணை. ரெண்டையும் இன்வெர்ட்டர் தாங்காது. என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு." நானும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி திருப்பிச் சொல்வேன். தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு காக்கா. முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிறது. கடலுக்குள் இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை அண்ணனிடமும் கொடுக்கமாட்டான், தம்பியிடமும் கொடுக்கமாட்டான். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவனிடம்தான் கொடுப்பான். கூடப் பிறந்தவள் தாலியறுவதை எவனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான், அதனால் கயிற்றை விடமாட்டான் என்று கணக்கு. என் அண்ணன் ராயப்பன் கப்பல் வேலைக்குப் போகிறவரை மச்சானுக்குக் கயிறு பிடித்தான். நான் பிடித்ததில்லை. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும். காலேஜ் விழாவில் 'அகில உலகக் கயிறுபிடி மச்சான்கள் சங்கத் தலைவர்' என்று வேஷம் போட்டுப் பேசினேன். நூறு ரூபாய் சென்சார் செய்கிற வேலைக்கு ஒரு சொந்தக்காரனை எதற்குக் கட்டிப்போட வேண்டும் என்று கேட்டேன். நல்ல கைதட்டல். வீட்டில் வந்து நடித்தும் காட்டினேன். மச்சான் முழுவதும் கேட்டுவிட்டுப் பச்சைக் குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் யாருலே இருக்கா? நீதான."

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டு. கதவைச் சாத்திவிட்டால் அவர் குரல் என் அறைவரை வராது. அதனால் குழாயை இழுப்பார், என் மேஜைக்கு அடியில் அது நெளியும். ஒரு இழுப்பு என்றால் தண்ணீர். இரண்டு இழுப்பு என்றால் டிவியை மாற்று. மூன்றை மட்டும் அவர் இழுத்ததே இல்லை. "மூணு இழுத்தா மேல தூக்குன்னு அர்த்தம். அத வெளாட்டுக்கு இழுக்கக் கூடாது மாப்ள, கடலு கேட்டுக்கிட்டிருக்கும்."

வியாழக்கிழமை இரண்டரை மணிக்குச் சோதனையைத் தொடங்கினேன். அறைக் கதவைச் சாத்தினேன், சோதனையில் வெளிக்காற்று படக்கூடாது. டெசிபல் மீட்டரின் பேட்டரி முந்தின நாள் தீர்ந்திருந்தது. சதுர பேட்டரி, பக்கத்துக் கடையில் கிடைக்காது. ஆக்சிஜன் மிஷினுக்குப் பின்னால் அதே பேட்டரி ஒன்று இருக்கிறது. கரண்ட் நின்றால் மிஷின் வீல் வீலென்று கத்துவதற்காக வைத்தது. இரண்டு வருஷத்தில் நாலைந்து தடவைதான் கத்தியிருக்கும். அதைக் கழற்றி மீட்டரில் போட்டேன். அரை மணி நேரத்துக்குத்தானே.

பதின்மூன்றாவது நிமிடம் கரண்ட் போனது.

இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. ஆனால் தாங்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்து கீ கீ என்றது. இன்னும் ஒரு நிமிடத்தில் மொத்தமும் அணைந்துவிடும். திரையில் சூடு எழுபத்தொன்றைத் தொட்டுக் கோடு மெல்லப் படுக்கத் தொடங்கியிருந்தது. அழகாக இருந்தது காக்கா. இரண்டில் ஒன்றைப் பிடுங்க வேண்டும். நான் பதறவில்லை, யோசித்தேன். மச்சான் கக்கூஸுக்குப் போகும்போது குழாயைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார். பத்து நிமிடம்வரை ஒன்றும் செய்யாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். பத்துக்கு ஒன்றும் செய்யாதது பதினாறுக்கு என்ன செய்துவிடும்? கட்டிலுக்குப் பக்கத்தில் அவசரத்துக்குச் சின்ன சிலிண்டர் ஒன்றும் நிற்கிறது. அதன் மூடியைத் திருக இரண்டு கைப் பலம் வேண்டும், அவருக்கு அது கிடையாது, நான்தான் போய்த் திருக வேண்டும். கதவைத் திறந்தால் அறைச் சூடு மாறும். சோதனை முடிந்ததும் திருகலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மிஷினின் பிளக்கை என் கையால் பிடுங்கினேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதுதான். மிஷினும் ஃபேனும் சேர்ந்து நாற்பத்தாறில் இருந்த சத்தம் முப்பத்தேழுக்கு இறங்கியது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஃபேன் சத்தத்தை மட்டும் கேட்டேன். இவ்வளவு பெரிய கூலர், இவ்வளவு மெல்லிய சத்தம். நோட்டில் 'மிக அமைதி' என்று எழுதினேன். வீடியோவின் தலைப்பும் அதுதான்.

பத்தொன்பதாவது நிமிடம் குழாய் அசைந்தது. மீட்டர் நிற்கிற முக்காலியின் ஒரு கால் குழாய்மேல் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. டிவியை மாற்றச் சொல்கிறார், கரண்டே இல்லாமல் என்ன டிவி என்று நினைத்தேன். மூன்றாவது வந்தது. நீளமான இழுப்பு.

எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. திரையைப் பார்த்தேன், இன்னும் பதினோரு நிமிடம். இன்னொரு இழுப்பு வந்தால் முக்காலி சாய்ந்துவிடும், மீட்டர் போய்விடும்.

குழாயின்மேல் என் காலை வைத்து அழுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வரைபடத்தில் முள் எதுவும் இல்லை, பார்த்திருப்பீர்கள். குதிகாலுக்கு அடியில் மட்டும் கொஞ்ச நேரம் ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

மூன்று மணிக்குச் சோதனை முடிந்தது. எழுபத்திரண்டு டிகிரி, மறுப்பதற்கில்லாத நேர்கோடு. கம்ப்யூட்டரை அணைத்தேன். மிஷினின் பிளக்கைச் சொருகினேன். பேட்டரியை அதன் இடத்தில் வைத்தேன். எல்லாம் இருந்தபடி ஆனபிறகுதான் கதவைத் திறந்தேன். மச்சான் கட்டிலில் பாதி, தரையில் பாதியாக இருந்தார். குழாயை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். கயிற்றை அப்படித்தான் சுற்றுவார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். மூக்கில் மாட்டும் முனை கழுத்துக்கு வந்திருந்தது. அதிலிருந்து ஆக்சிஜன் நன்றாக வந்துகொண்டிருந்தது.

அக்கா வந்தாள். அவளுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டாள். கரண்டைத் திட்டினாள், வேலைக்குப் போன தன்னைத் திட்டினாள். கல்லறைத் தோட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: "எந் தம்பி கூட இருந்தாம்மா. கயித்த அவங் கையிலதான் குடுத்திட்டுப் போனேன்."

கூலரைக் கூரியர்காரர் மறுநாள் வந்து எடுத்துப் போனார். மிஷினும் போய்விட்டது, குழாயும் போய்விட்டது. நாற்பத்துநாலு இல்லாமல் எனக்கு உட்கார முடியவில்லை. கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. அணைத்தால் மேஜைக்கு அடியில் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன். மூன்று வருவதற்குள் மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டுவிட வேண்டும். அதற்காகக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்தது ஒரு சோதனை. முழுமையாகச் செய்தேன். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

குசினியிலிருந்து அக்கா கேட்கிறாள். "ஏலே பவுலு, மத்தியானத்துலருந்து என்னத்தலே எழுதிக்கிட்டே இருக்க?"

"வீடியோல ஒரு காக்கா கேள்வி கேட்டிருக்காருக்கா."

"என்ன கேள்வி?"

"நடுவுல சத்தம் கொறையுதே, ஏன்னு."

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"பெரிய மனுசன் கேட்டா ஒழுங்கா பதில் சொல்லு," என்றாள். "ஒன் கேலி கிண்டல அவருட்ட காட்டாத." மறுபடி கழுவத் தொடங்கினாள்.

மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு வராது காக்கா. வீடியோவைக் கீழே இறக்கி, பதின்மூன்றிலிருந்து இருபதுவரை உள்ள நிமிடங்களை எடுத்துவிட்டு, முன்பகுதியின் சத்தக் கோட்டையும் ஒன்பது இறக்கி, இரண்டு முனைகளையும் ஒட்டி மறுபடி ஏற்றியிருக்கிறேன். ஒட்டு தெரியவில்லை. உங்கள் கேள்விக்குக் கீழே ஒரு வரி போட்டிருக்கிறேன், மரியாதையாகத்தான்.

'வெளிச்சத்தம் காக்கா. கவனித்ததற்கு நன்றி.'