மூன்று நாள் அப்பா

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். இஞ்சியைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள். வாகட் ஏரியாவில் நான் தனியாக இருக்கும் பிளாட்டில் டீத்தூள் வாங்கியே பல மாதம் ஆகிறது. ஒருவனுக்காக அடுப்பைப் பற்றவைக்க அலுப்பு.

விவாகரத்துக்குப் பிறகு ஏழு வயது மகள் மைத்ரா, அவள் அம்மா ரோஹிணியோடு போய்விட்டாள். எனக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை, மாலில் இரண்டு மணி நேரம். ஒன்றாம் தேதி பணம் அனுப்புவேன். ரோஹிணியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அந்த மாதத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

மைத்ராவுக்கு முந்திரி ஆகாது. போன மழைக்காலத்தில், ஐஸ்கிரீம் மிதக்கும் மஸ்தானி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் முந்திரி அரைத்துக் கலந்திருந்தது எனக்குத் தெரியாது. நம்புங்கள், அது விபத்து. உதடு வீங்கி மூச்சு இழுக்க, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அவளுடைய இன்ஷூரன்ஸ் என் ஆபீஸ் வழியாக. அதனால் கவுண்டரில் "பேஷண்டோட அப்பா எங்கே?" என்று என்னைத் தேடினார்கள். என்னை யாராவது தேடி வெகுகாலம் ஆகியிருந்தது. மூன்று நாள் கூடவே இருந்தேன். மைத்ரா என் விரலைப் பிடித்தபடி தூங்கினாள். ரோஹிணிகூட இட்லிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"சாப்பிடு ஹரீஷ். உன் மூஞ்சியைப் பாத்தா பேஷண்ட் நீயான்னு கேக்கப் போறாங்க."

சிரித்தேன். சிரித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் தாடை வலித்தது.

அடுத்த முறை இன்னும் மோசமாகலாம், அவசர ஊசி எப்போதும் கையில் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

தீபாவளிக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, முந்திரியில் செய்யும் காஜு கத்லி வாங்கினேன். நகக்கண் அளவுதான் கொடுத்தேன். ஊசி பையில் தயாராக இருந்தது; பொறுப்பில்லாதவன் இல்லை நான். மறுபடி மூன்று நாள் கிடைத்தது.

நேற்று அவளே கேட்டாள்.

"அப்பா, பிளீஸ், இன்னிக்கும் ஹாஸ்பிடல் போலாமா? அங்கதான் நீயும் அம்மாவும் சண்டையே போட மாட்டீங்க. அந்த ஸ்வீட் குடு."

டப்பா என்னிடம் இருந்தது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

இரண்டு ஊசி போட்டும் மூச்சு திரும்பவில்லை.

கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். என் மகள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.