ஊரே கேட்ட கேள்வி

பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகும் காலை பஸ்ஸில் பாதிப்பேர் கடற்காற்றில் தூங்கிப்போயிருந்தார்கள். நானும் கண்ணயரப்போன நேரம், பின் இருக்கையில் ஒரு பெண் சொன்னாள்:

"போன் வந்த பிறகுதான் உன்ர அண்ணன் என்னோட கதைக்கிறதை விட்டவர்."

பக்கத்தில் இருந்தவள் அவள் கணவனின் தங்கை. கம்பஸில் தொடர்பாடல் படிக்கிறாளாம். போன் வந்து மீனவக் குடும்பங்கள் எப்படி மாறின என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சாள், ஒவ்வொரு நாளும் போனில கதைக்கிறியள்தானே?"

"'என்ன கறி? பிள்ளை பள்ளிக்கூடம் போனவனோ?' அவ்வளவுதான். முந்தி மீனவர் சங்கக் கந்தோரில ஒரு வோக்கிடோக்கி இருந்தது. நாங்கள் அங்க போய்த்தான் கதைக்கிறது. கடலில இருந்து அவர் கதைச்சா எல்லா வள்ளத்துக்கும் கேட்கும். ஒருநாள் என்னோட சண்டை பிடிச்சுக்கொண்டு தொழிலுக்குப் போனவர், 'ராணி, இன்னும் கோவமோ?' எண்டு அதில கேட்டார்."

"எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கவோ?"

"ஓம். கடலே மூச்சைப் பிடிச்ச மாதிரி இருந்தது. நான் 'இல்லை' எண்டன். பிறகு ஒவ்வொரு வள்ளமாச் சிரிச்சுது."

வெளியே பனைகள் மெல்ல மெல்லப் பின்னால் போயின.

"தனியக் கதைக்க வழி வந்தா சனம் மனம் திறந்து கதைக்கும் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். இதை எழுதட்டோ மச்சாள்?"

"எழுது. எழுதிப்போட்டு உன்ர அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டு. போனில வேண்டாம். நானும் பக்கத்தில இருக்கோணும்."